உருட்டு மட்டை

கல்லை வெட்டி எடுத்த பிறகு மிச்சமிருந்த நிலத்தில்தான் அந்த மைதானத்தைப் போட்டிருந்தார்கள். குவாரி மூடிய வருஷம், வேலை போன ஆட்களே சேர்ந்து மண்ணடித்து, புல் விதைத்து, ஒன்பது குழி தோண்டி, கோல்ஃப் ஆட ஆரம்பித்தார்கள். அது பணக்காரர் ஆட்டம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும். பஸ் டிரைவர்களும் தபால்காரரும் ஆஸ்பத்திரியில் துணி வெளுப்பவர்களும் இப்போது அங்கே ஆடுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் ஒருமுறை வந்து நாலு பந்தைத் தொலைத்துவிட்டுப் போனால் மறுபடி வருவதில்லை. புல்லுக்கு நடுவே பாறை தலையை நீட்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று காற்றுக்கே தெரியாது. கடைசிக் குழிக்கு முன்னால் பழைய குவாரிப் பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். அதன் அடியில் பச்சைத் தண்ணீர்.

குவாரி ஆட்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். சீசன் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை, மைதானத்தைப் பராமரிக்கிறவர்தான் முதலில் ஆட வேண்டும். ஒரே பந்து. அது தொலைந்தால் கதை முடிந்தது. ஒன்பது குழிக்கும் சேர்த்து எண்பது தடவைக்கு மேல் மட்டை பந்தில் படக்கூடாது. தன்னால் ஆட முடியாத மைதானத்தை மற்றவர்களுக்குப் போட்டு வைக்கக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். முடிக்க முடியாதவர் வேலையை விட வேண்டும்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலையில் இருந்தவரை எல்லோரும் புல்லுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் ஐம்பது அடியைத் தாண்டியதே கிடையாது. ஆடி முடித்துத் தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். வீடு ஒன்பதாவது குழியை ஒட்டியே இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, புகைபோக்கி. போன இலையுதிர் காலத்தில் ஒரு காலை, புல்வெட்டும் மெஷினின் கத்தியை அரம் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். வலது கையும் வலது காலும் போயின. வாயும் பாதி கோணியது. அடுத்த வாரம் அவர் மனைவி மெஷினை எடுத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை, ஏறச் சொல்லவுமில்லை. ஏழு மாதம் ஓடிவிட்டது.

செகரட்டரி வந்தபோது அவள் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் ஓய்வு பெற்ற சர்வேயர். மழையில்லாத நாளிலும் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு திரிபவர்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதும்மா," என்று ஆரம்பித்து, கால் மணி நேரம் சுற்றி வளைத்தார். கமிட்டி ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியோடு பேசியிருக்கிறது. அவர்கள் ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய மெஷின் கொண்டுவருவார்கள். மெஷின் நிற்க ஷெட் வேண்டும்.

"ஷெட்ட எங்க போடுவாங்க?" என்றாள்.

"இங்கதான்மா. இந்த இடம்தான்."

அடுப்போரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் திரும்பினாள். புல்லுக்காரருக்கு மூத்தவள், ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்து, தம்பி விழுந்த மறுநாளே பெட்டியோடு வந்து இறங்கியவள்.

"ஷெட்டுக்குச் சமையக்கட்டு எதுக்கு சார்? உங்க மெஷினு முட்டை திங்குமா?"

"நான் என்ன பண்ணுவேன்? புல்லுக்காரர் ஞாயித்துக்கிழமை ஆடி முடிச்சுட்டா ஒரு பய வாயத் தொறக்க முடியாது. விதி அப்படி. ஆனா அவரு..."

"நா... ஆடுறேன்," என்றார் நாற்காலியிலிருந்து புல்லுக்காரர். வார்த்தை ஒவ்வொன்றையும் அவர் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

"சட்டைப் பட்டன நான் போட்டுவிடுறேன். இவரு ஆடுறாராம்," என்றாள் அக்கா.

அவர் அக்காவைப் பார்க்கவில்லை. இடது கையால் மனைவியைக் காட்டினார். "ஏழு மாசமா பராமரிக்கிறது நானில்ல சார். அவ."

செகரட்டரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்யா. கமிட்டிக்கும் தெரியும். எல்லாரும் தெரியாத மாதிரி இருக்கோம்."

"அப்ப இனிமே தெரிஞ்ச மாதிரி இருங்க சார்," என்றாள் அவள். "நான் ஆடுறேன்."

"ஆடியிருக்கியாம்மா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"பந்து பொறுக்கியிருக்கேன்."

செகரட்டரி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவள் உரித்து வைத்திருந்த முட்டைகளில் ஒன்றை, கேட்காமலே எடுத்துக் கடித்தார். சம்மதம் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் இருந்தது. காலையில் புல் வெட்டுவாள். மாலையில் வீட்டுக்குப் பின்னால் புல்லுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். இரும்பு மட்டையைப் பிடிக்கும் விதம், தோள், இடுப்பு, முழங்கால். அவள் ஓங்கி அடிப்பாள். பந்து புழுப்போல் நெளிந்து பக்கத்தில் போகும், அல்லது மண் பறக்கும், பந்து பறக்காது. ஒரு நாள் பறந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்பில் பட்டு, அதையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

"அடிச்சதுல அதான் நல்ல அடி," என்றாள் நாத்தனார். "அந்த விரிப்பு எனக்கும் பிடிக்காது."

"இது எதுக்குங்க பறக்கணும்?" என்று அவள் கேட்டாள். "உருண்டு போனா ஆகாதா?"

"உருட்டுறது கடைசில. குழிகிட்ட போனப்புறம். அதுக்குன்னு உருட்டு மட்டை. தூரத்துலேர்ந்து உருட்டுனா அது ஆட்டமில்ல. பாக்கிறவன் சிரிப்பான்."

"சிரிச்சா?"

இருபத்திரண்டு வருஷம் அவர் அடித்த பந்தைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. அவள் மறுபடி இரும்பை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வானம் ஈயப் பாத்திரத்தின் உட்புறம் போல மங்கிக் கிடந்தது. வேலியோரம் இருபது முப்பது பேர் கோட்டுப் பைகளில் கைகளை விட்டுக்கொண்டு நின்றார்கள். கம்பெனி அனுப்பிய மெஷின்காரரும் வந்திருந்தார். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர், யாரோ இறந்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஒதுங்கி நின்றார். புல்லுக்காரரை உர மூட்டை தள்ளும் வண்டியில் உட்கார்த்தி, முதுகுக்குத் தலையணை வைத்திருந்தார்கள்.

"கனம் குறைஞ்சிருக்கடா தம்பி," என்றாள் வண்டியைத் தள்ளிய அக்கா. "ஒண்ணரை மூட்டைதான் வருவ."

செகரட்டரி நோட்டைத் திறந்தார். பந்தில் பச்சை மையால் ஒரு புள்ளி வைத்து அவளிடம் கொடுத்தார்.

முதல் குழியில் பன்னிரண்டு ஆயிற்று. அவர் சொன்னபடியே அவள் இரும்பை வீசினாள். மூன்று முறை மண்ணைத்தான் வெட்டினாள். மட்டை பந்தில் படாததால் அவை கணக்கில் வரவில்லை. பட்டவற்றில் பாதி, உயரப் புல்லுக்குள் போய் அங்கிருந்து வெளியே வருவதிலேயே கழிந்தது. வேலியோரம் பேச்சு நின்றிருந்தது. சிரித்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

இரண்டாவது குழியில் கிரீன் என்று சொல்கிற, குழியைச் சுற்றி மழமழவென்று வெட்டிய புல்வட்டம் வரைக்கும் ஐந்தில் போய்விட்டாள். குழி பத்து எட்டு தூரத்தில் இருந்தது.

"ரெண்டு கை அகலம்... வலப்பக்கம் தள்ளி விடு," என்றார் வண்டியிலிருந்து. "பள்ளத்தப் பாத்துப் புல்லு சாஞ்சிருக்கு. தானா இடப்பக்கம் வரும்."

அவள் குனிந்து புல்லைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் சொல்லாமல், அவர் காட்டிய இடத்தைப் பார்த்து உருட்டினாள். பந்து இடப்பக்கம் வரவே இல்லை. வலப்பக்கமே வழிந்து, வட்டத்தைத் தாண்டிச் சரிவில் இறங்கி நின்றது. அங்கிருந்து மேலே கொண்டுவர ஒன்று. மறுபடி அவர் சொன்னார், மறுபடி அவள் கேட்டாள், மறுபடி அதே. பத்தில் முடிந்தது.

"இருபத்திரெண்டு," என்றார் செகரட்டரி, நோட்டைப் பார்த்தபடியே. இரண்டு குழிக்கு இருபத்திரண்டு. வேலியோரம் தபால்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

புல்லுக்காரர் வண்டியை வட்டத்துக்கு ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னார். குனிந்து, இடது உள்ளங்கையைப் புல்லின் மேல் வைத்து முன்னும் பின்னும் தடவினார். பூனையின் முதுகைத் தப்பான பக்கமாகத் தடவியவர் போல அவர் கை நின்றது.

"நீ எந்தப் பக்கமா வெட்டுற?"

"அந்தக் கடைசிலேர்ந்து இந்தப் பக்கமா."

"நான் இங்கேருந்து பள்ளத்துப் பக்கமால்ல தள்ளுவேன்."

"தெரியும்."

அந்தப் பழைய மெஷின் முன்னால் தள்ளும்போது மட்டும்தான் வெட்டும். முடிவு வரை தள்ளிப்போய், வெறும் மெஷினைப் பின்னால் இழுத்து வந்து, மறுபடி தள்ள வேண்டும். எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் நாளடைவில் புல் படுத்துவிடும்.

"அப்புறம் ஏன் மாத்துன?"

"எட்டு மணிக்கு உங்களுக்கு மாத்திரை. கடைசிலேர்ந்து வெட்டிட்டு வந்தா, முடியிறப்ப வீட்டுப் பக்கம் நிப்பேன். நடுவுல நீங்க கூப்பிட்டாலும் காதுல விழும்."

"எல்லாக் குழிலயுமா?"

"எல்லாத்துலயும்தான்."

அவர் தலையைத் தூக்கினார். அந்த மேட்டிலிருந்து பார்த்தால் ஒன்பது வட்டங்களும் தெரியும். ஏழு மாதமாகச் சன்னல் வழியே தினமும் பார்த்ததுதான். இப்போதுதான் மங்கிய வெளிச்சத்தில் அவருக்குத் தெரிந்தது: மைதானம் முழுக்கப் புல் அவருடைய சமையலறைப் புகைபோக்கியைப் பார்த்துத் தலை சாய்த்துக் கிடந்தது.

"சொல்லிருக்கலாம்ல," என்றார்.

"எங்க சொல்றது? மூணு வாரமா நீங்கதான் பேசினீங்க. பேச்சு வருதேன்னு நானும் விட்டுட்டேன்."

நாத்தனார் வண்டிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, "இவ்வளவு நாளா இவன் வாய் ஓஞ்சு கெடந்துச்சு. தெறந்ததும் தப்பாச் சொல்லுது," என்றாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

மனைவி இரும்பு மட்டைகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய்ப் புல்லுக்காரரின் மடியில் வைத்தாள். உருட்டு மட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் உங்ககிட்ட இருக்கட்டும்."

"சிரிப்பாங்க," என்றார் அவர்.

"அவங்களும் காலைலேர்ந்து குளிர்ல நிக்கிறாங்க. சிரிக்கட்டும்."

மூன்றாவது குழிக்குத் தொடக்க மேடையிலிருந்தே உருட்டினாள். வேலியோரம் முதலில் ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பஸ் டிரைவர் ஒருவர், "யாராவது இன்னும் நாலு கோலிக்குண்டு குடுங்கப்பா அந்தம்மாவுக்கு," என்றார். சிரித்தார்கள். பந்து போய்க்கொண்டே இருந்தது. அந்த வருஷம் மேடைக்கும் குழிக்கும் நடுவே வெட்டி விடுகிற புல்பாதை குறுகிப்போய்விட்டது என்று எல்லோரும் குறைப்பட்டிருந்தார்கள். அகலமாக வெட்ட அவளுக்குத் தெம்பு போதவில்லை. பத்து மெஷின் அகலம்தான் அவளால் முடிந்தது. ஆனால் அந்தப் பத்து அகலத்தையும் வாரம் இரண்டு முறை அவள் கால் அளந்திருந்தது. எந்த இடத்தில் எறும்புப் புற்று மேடு, எந்த இடத்தில் அடியில் பாறை இருந்து புல் மெலிந்து பந்து வேகமாக ஓடும் என்பதெல்லாம் மெஷினின் கைப்பிடி வழியாக அவள் தோளில் ஏறியிருந்தது. எட்டில் முடித்தாள்.

நாலாவது குழியில் காற்று சுழன்றடித்தது. எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்களின் பந்தைப் பிடுங்கி முள்புதரில் எறிந்த காற்று. தரையோடு போகிற பந்தை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவளுடைய தலைத்துணியை மட்டும் பறித்துக்கொண்டு போயிற்று. மெஷின்காரர் ஓடிப்போய் அதை எடுத்து வந்து கொடுத்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றார், எதற்கு என்று தெளிவில்லாமல்.

ஆறாவது குழியில் வாய்க்கால். மேலே ஒரு பலகை. அகலம் இரண்டு சாண் இருக்கும். மற்றவர்கள் அதன் மேல் நடந்து போவார்கள், பந்து தலைக்கு மேலே போகும். அவள் பந்து பலகை வழியாகத்தான் போக வேண்டும். மண்டியிட்டு, பலகையில் ஒட்டியிருந்த ஈர இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். பத்து நிமிஷம் ஆயிற்று. செகரட்டரி கடிகாரத்தைப் பார்த்தார், விதியில் நேரம் இல்லை என்பது ஞாபகம் வந்து கையை இறக்கினார்.

"இது நடுவுல கொஞ்சம் குழிஞ்சிருக்கும்," என்றாள் அவள் யாரிடம் என்றில்லாமல். "மெஷினோட கனம். நடுவுல விட்டா நடுவுலயே போகும்."

அப்படியே போயிற்று. வேலியோரம் இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆட்கள் வேலியை விட்டு உள்ளே வந்து, கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"எம்மெஷினு இந்தப் பலகைல ஏறாது," என்றார் மெஷின்காரர் புல்லுக்காரரிடம். "நீங்க எப்படி...?"

"தூக்கிட்டுப் போவேன்," என்றார் புல்லுக்காரர். "அவ எப்படிக் கொண்டுபோறாளோ, எனக்குத் தெரியாது." அதை அவர் சத்தமாகவே சொன்னார்.

எட்டாவது முடியும்போது தூறல் போட்டது. புல் நனைந்து பந்து கனத்தது. ரொட்டித் துண்டு ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு, பந்தைத் துடைக்கச் சட்டமுண்டா என்று கேட்டாள். இல்லை என்றார் செகரட்டரி. சரி என்றாள்.

"அறுபத்தெட்டு. இன்னும் பன்னெண்டு இருக்கு."

ஒன்பதாவது குழியின் தொடக்க மேடையில் நின்றால் எதிரே பள்ளம். அதற்கு அந்தப் பக்கம் கொடி, கொடிக்குப் பின்னால் வீடு.

"இங்க பறக்கத்தான் வெக்கணும்," என்றார் புல்லுக்காரர். மடியிலிருந்த பையிலிருந்து ஒரு இரும்பை இடது கையால் உருவினார். "வேற வழியில்ல."

"சுத்திப் போற பாதை இருக்கே."

"அது வண்டிப் பாதை. ஜல்லி. பள்ளத்தப் பாத்து சரிஞ்சிருக்கு. ஒரு கல்லுல பட்டா போச்சு."

"அதுலதான தெனம் மெஷின இழுக்கிறேன். சக்கரம் ஓடி ஓடி ரெண்டு தடம் விழுந்திருக்கு. உள்தடத்துல விட்டா பள்ளத்துக்குப் போயிடும். வெளித்தடம் ஆழமா இருக்கு. அதுல விட்டா பந்து தப்பிக்க முடியாது."

எல்லோரும் செகரட்டரியைப் பார்த்தார்கள். அவர் மழைக்கோட்டின் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"பாதை எல்லைக்குள்ளதான் இருக்கு," என்றார். "எல்லையை அளந்தது நான்."

முதல் இரண்டு அடியும் தடத்துக்குள் ஓடையில் விட்ட காகிதப் படகு போலப் போயின. மூன்றாவதில் பந்து ஒரு கல்லில் தட்டி எகிறியது. தடத்தை விட்டு வெளியே குதித்து, பள்ளத்தைப் பார்த்து உருண்டது. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது பந்து ஒரு புல் கொத்தில் மாட்டி நின்றது.

அவள் விளிம்பில் மண்டியிட்டாள். ஓங்க இடமில்லை, பின்னால் காலை வைக்கத் தரையில்லை.

"அண்ணி, என் பெல்ட்டப் பிடிச்சுக்கங்க."

நாத்தனார் வண்டியை விட்டுவிட்டு ஓடிவந்து அவள் கோட்டுப் பெல்ட்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். "நீ விழுந்தா நானும்தான். இவன் ஒருத்தன் மட்டும் மிஞ்சுவான். யோசிச்சு அடி."

"பேசாம இருங்க அண்ணி. சிரிப்புல வயிறு குலுங்குது."

மட்டையைக் குட்டையாகப் பிடித்து, கரண்டியால் தள்ளுவது போலத் தள்ளினாள். பந்து மேலேறி, தடத்தின் உதட்டில் தயங்கி, உள்ளே இறங்கியது. நாலு.

ஒன்பதாவது அடியில் பாதை முடிந்தது. பத்தாவதில் பந்து கிரீனுக்குள் வந்து நின்றது. குழி பதினைந்து எட்டு தூரத்தில். மிச்சம் இரண்டு.

தூறல் வலுத்திருந்தது. யாரும் குடை விரிக்கவில்லை. அவள் பந்துக்கும் குழிக்கும் நடுவே மெல்ல நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஏதாவது சொல்லுடா," என்றாள் நாத்தனார் தம்பியிடம்.

"அவ வெட்டுன புல்லு. என்னைக் கேட்டா?"

அவள் குழியைப் பார்த்து நிற்கவில்லை. குழிக்கு இடப்பக்கம் வெகுதூரம் தள்ளி, ஒன்றுமில்லாத ஓர் இடத்தைப் பார்த்து நின்றாள். கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளுக்கு இழுத்தது கேட்டது. தட்டினாள். பந்து குழியை விட்டு விலகிப் போயிற்று, போய்க்கொண்டேயிருந்தது. பிறகு வீடு இருக்கும் பக்கம் புல் அதை மெதுவாகத் திருப்பியது. ஈரத்தில் ஒரு கோடு கிழித்தபடி வளைந்து வந்து, குழிக்கு நாலு விரல் முன்னால் நின்றுவிட்டது.

தபால்காரர் உட்கார்ந்துவிட்டார், நனைந்த புல்லிலேயே.

நாலு விரல்தான். எந்தக் குழந்தையும் போட்டுவிடும். அவள் அவசரப்படவில்லை. கோட்டில் கைகளைத் துடைத்தாள். மட்டையின் அடியில் ஒட்டியிருந்த புல்லை நகத்தால் சுரண்டி எடுத்தாள். கால்களை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். பிறகு தட்டினாள். பந்து உள்ளே விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"எண்பது," என்றார் செகரட்டரி. எழுதினார். ஈரத்தில் மை பரவியது. மேலேயே அழுத்தி இன்னொரு முறை எழுதினார். "முடிஞ்சுதும்மா. ஷெட்டுக்கு வேற இடம் பாக்கட்டும்."

மெஷின்காரர் தொப்பியை எடுத்துவிட்டு, "பெரிய மெஷினுக்கு இது சரிப்படாதுன்னு நானும் எழுதிக் குடுக்கிறேன் சார்," என்றார்.

கூட்டம் கிட்டே வந்தது. அவள் கையை யார் யாரோ பிடித்துக் குலுக்கினார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் புல்லுக்காரர் மடியிலிருந்த மட்டைப் பையைத் தரையில் தள்ளிவிட்டு, வண்டியிலிருந்து இறங்கியிருந்தார். இடது கையால் வண்டியைப் பிடித்து, வலது காலை இழுத்து, மூன்று எட்டு வைத்தார். குழியருகே வந்து, ஒரு முழங்காலை ஊன்றி, அப்புறம் இன்னொன்றை ஊன்றி உட்கார்ந்தார். வலது கையை இடது கையால் தூக்கிக் குழிக்குள் விட்டார்.

நாத்தனார் பதறிக்கொண்டு முன்னால் வந்தாள். மனைவி உருட்டு மட்டையைக் குறுக்கே நீட்டித் தடுத்தாள்.

"விடுங்க அண்ணி."

விரல்கள் பந்தின் மேல் வழுக்கின. ஒருமுறை. இன்னொருமுறை. அவருடைய முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. மழை முதுகில் விழுந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. ஆட்டம் இன்னும் முடியாததுபோல, அடிப்பவருக்கு இடைஞ்சலாகிவிடக்கூடாது என்று நிற்பவர்களைப்போல நின்றார்கள்.

"வரல," என்றார் அவர், நிமிராமல்.

"வரும். மெதுவா எடுங்க," என்றாள் அவள். "எங்களுக்கு வேற வேலை ஒண்ணும் இல்ல."